மலை ருபார்ப்பின் முதல் தண்டு

மத்தியானம் நித்திரை கொள்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு நேரம் உண்டு. எழும்பிவிட்டோம் என்று நினைப்போம். எழும்பியிருக்க மாட்டோம். மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற சமையல்கூடத்தில் எனக்கு விடியப்புற வேலை. அது முடிந்து, பஸ் மாறி, சென்ட் லோரன்ட்டில் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்கு வந்து படுக்கையில் விழுந்தால் அந்த நேரம் வரும். சுவர் எது, யன்னல் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளையாக இருக்கும். பின்வளவில் பனி இடுப்பளவுக்கு மூடிக் கிடக்கும். அதற்குக் கீழே என் செடி படுத்திருப்பது எனக்கு நன்றாகத் தெரியும். பக்கத்து அறையில் யாரோ நித்திரை கொள்வது சத்தமில்லாமலே தெரியும் அல்லவா, அப்படி. இதை என் கணவரிடம் சொன்னால், உமக்கு வேலை கூடிப்போச்சு, லீவு எடும் என்பார்.

செடி என்றால் ருபார்ப். கடையில் சிவப்புத் தண்டாகக் கட்டி விற்பார்களே, இந்த ஊர்க் கிழவிகள் சீனி போட்டுக் காய்ச்சி ஜாம் ஆக்குவார்களே, அது அல்ல. இது அதன் காட்டுச் சொந்தக்காரன். இமயமலையில், மரங்களெல்லாம் போதும் என்று நின்றுவிடுகிற உயரத்தில், கல்லுக்கும் பனிக்கும் நடுவே தானாக முளைப்பது. என்னோடு ஒரே மேசையில் நின்று தட்டுகளுக்குச் சலாட் வைக்கிற நேபாளப் பெண் ஒருத்தி தன் ஊருக்குப் போய்வந்தபோது அதன் விதையைக் கொண்டுவந்தாள். பழைய பிலிம் டப்பாவுக்குள் கபில நிறமாய், ஓரங்களில் மெல்லிய செட்டை வைத்த விதைகள். அவளுக்கு இருந்தது மூன்றாம் மாடி வீடு; ஒரு பிடி மண் கிடையாது. எனக்குப் பின்வளவு இருந்தது. அதனால் டப்பா என் கைக்கு வந்தது.

பாதி இங்கிலிஷ், பாதி பிரெஞ்சு, மிச்சம் கை. இதுதான் எங்கள் பாஷை. அந்தப் பாஷையில் அவள் விளங்கப்படுத்தினாள். தண்டைத் தோல் உரித்து, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுப் பச்சையாகத் தின்ன வேண்டுமாம். ஊறுகாயும் போடலாமாம். இலையை மட்டும் வாயில் வைக்கக் கூடாது, அது நஞ்சு. வேர் மருந்து. வேர் என்றதும் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. எங்கள் நாட்டு வைத்தியர்கள் ரேவல்சின்னி என்று வயிறு கழுவக் கொடுக்கிற மஞ்சள் வேரும் இந்தச் சாதிதான். அட, நீயா என்று விதையைப் பார்த்துச் சிரித்தேன். பேதி மருந்துக்குச் செட்டை என்ன வேண்டிக்கிடக்கு.

விதையைக் குளிரில் போடு என்றாள். பகிடி விடுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, குளிர் பட்டால்தான் அது கண் திறக்குமாம். தயிர் வாங்கிய டப்பாவில் மண் போட்டு, விதையைத் தூவி, பின்படிக்குக் கீழே பனியில் வைத்தேன். அந்த மாரி முழுவதும் அந்த டப்பாவின் மேல் எனக்கு ஒரு பொறாமை. நான் வந்த நாளிலிருந்து இந்தக் குளிரைத் திட்டித் தீர்த்தவள். விறைத்த விரலோடு பஸ்ஸுக்கு நிற்கும்போது வாயில் வருவதெல்லாம் அச்சில் ஏற்ற முடியாது. இந்த ஊர்க் குளிர் ஒரு உயிருக்குத் தேவை என்று எனக்கு ஒருவரும் அதுவரை சொல்லவில்லை.

மே மாதம் முளைத்தது; எடுத்துப் பின்வளவில் நட்டேன். மிளகாய்க்கன்று மாதிரி விறுவிறென்று வரும் என்று பார்த்தால், அது வருவதா வேண்டாமா என்று யோசித்து யோசித்து ஒவ்வொரு இலையாக விட்டது. ஆடி மாதத்து வெக்கையில் ஒரு மத்தியானம் அப்படியே மண்ணோடு சாய்ந்து கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓடிப்போய் என் பழைய வொயில் சேலையை எடுத்து நாலு தடி நட்டுப் பந்தல் கட்டினேன். மஞ்சளில் நீலப் பூப்போட்ட சேலை. காற்றடிக்கும்போது அது ஊதி எழும்பி, இறங்கி, அதன் கீழ் வெளிச்சம் மஞ்சளாய் அசையும். குளிர்ப்பெட்டியில் இருந்த ஐஸ்கட்டிகளை எடுத்து வேருக்குச் சற்றுத் தள்ளிப் பரப்பினேன். அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, மெல்ல ஒரு பொன்ஜூர் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இவர் வேலையால் வந்து, சாப்பாட்டுப் பையோடு அப்படியே நின்று பார்த்தார்.

"உமக்குக் குளிர் ஒத்துவராது. அதுக்குச் சூடு ஒத்துவராது. ரெண்டு பேரையும் ஒரு வீட்டில வைச்சு நான் என்ன செய்யிறது?" என்றார்.

இனி அக்காவின் கதைக்கு வரவேண்டும். அக்கா என்னைவிட எவ்வளவோ மூத்தவர். தான் கலியாணம் கட்டாமல் எங்கள் எல்லாரையும் கரை சேர்த்தவர். ரொறன்ரோவின் ஸ்காபரோவில், எங்கள் ஒன்றுவிட்ட அண்ணையின் வீட்டில் இருந்தார். பிஸ்கற் பெட்டி அடைக்கிற தொழிற்சாலையில் வேலை. ஒவ்வொரு நாள் பின்னேரமும் எனக்குத் தொலைபேசி எடுப்பார். கதை எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: எப்ப ரொறன்ரோவுக்கு வாறியள்?

அக்காவைக் குறை சொல்ல முடியாது. அந்த நாட்களில் மொன்றியல் தமிழரில் பாதிப்பேர் எப்போதும் ரொறன்ரோவுக்குப் போகப்போகிறவர்கள். வாற சம்மர், வாற சம்மர் என்றே வருசங்கள் போகும். ரீவி வாங்கினால் பெட்டியை எறியமாட்டோம், போகும்போது வேண்டும். யன்னல்சேலை தைக்கமாட்டோம், அங்கே யன்னல் என்ன அளவோ. கோயிலுக்கு டொலார்ட் பக்கம் போனால் பூசை முடிந்து எல்லாரும் கேட்பது, நீங்களும் போறியளோ என்றுதான். எங்கள் வீட்டிலும் சுவரோடு சுவராக வெறும் அட்டைப்பெட்டிகள் நின்றன. மகள் அவற்றுக்குள் ஏறி ஒளித்து விளையாடுவாள். பிள்ளையும் கார்தரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் பிரெஞ்சு படித்துப் பிரெஞ்சிலேயே கனவு காணத் தொடங்கிவிட்டாள், நித்திரையில் அவள் பிதற்றுவது எனக்கு விளங்கவில்லை என்று அக்காவிடம் சொல்லப்போய், அது அக்காவின் கைக்கு என்னை அடிக்க இன்னொரு பொல்லாகிவிட்டது.

எனக்கும் போகத்தான் ஆசை. முதல் இரண்டு மூன்று வருசமும் நான் அழாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. அப்படியிருக்க, செடி நட்ட அந்தக் கோடையில் அக்கா வழமைபோலக் கேட்க, நான் ஏதோ விளையாட்டாக, இந்தச் செடி தண்டு தரட்டும், ஒருக்கா வெட்டித் தின்றுபோட்டு வந்துவிடுகிறோம் என்று சொன்னேன். முதல் இரண்டு வருசமும் வெட்டக்கூடாது, வெட்டினால் வேர் வலுக்காது என்று நேபாளக்காரி சொல்லியிருந்தாள். அக்காவிடம் ஒரு சொல்லைக் கொடுத்தால் அது வங்கியில் போட்டது மாதிரி. மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அன்றிலிருந்து அவர் கேட்ட கேள்வி இது ஒன்றுதான்.

"தண்டு வந்திட்டுதோ?"

வந்தால் போகவேண்டும். முதலில் அதனால்தான் அதை அவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்த்தேன். சீக்கிரம் வளர், சீக்கிரம் வளர் என்று பின்னேரத் தேத்தண்ணியோடு போய் அதற்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு சொல்லுவேன். எப்போது அந்தச் சொல் என் வாயில் நின்றுபோனது என்று தெரியவில்லை. இரண்டாம் கோடையில் ஒரு நாள் சேலைப் பந்தலுக்குக் கீழே தலையை நீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். புல் முதுகில் குத்தியது. மஞ்சள் வெளிச்சம் முகத்தில் அசைந்தது. டோர்வலில் இருந்து எழும்பிய விமானம் ஒன்று சேலையின் நீலப் பூக்களுக்கிடையால் போனது. அதில் போகிற சாப்பாட்டில் நான் வைத்த தக்காளித் துண்டும் இருக்கும் என்று ஒரு நினைப்பு. யாரோ ஒருவர் கடலுக்கு மேலே அதைத் தின்பார். நான் கீழே, என் செடியோடு, என் வளவில். என் வளவு என்று மனதில் வந்த அந்தச் சொல்லைக் கேட்டு எனக்கே திடுக்கிட்டது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன்.

மூன்றாம் வருசத்துப் பனி உருகியதும் மண்ணைத் தள்ளிக்கொண்டு சிவந்த மொட்டுகள் வந்தன, பிறந்த பிள்ளை கையைப் பொத்தி வைத்திருக்கிற மாதிரி. ஒவ்வொன்றாக விரிந்தன. மே நடுவில் இலைகள் சுளகு அளவு. தண்டுகள் என் பெருவிரலைவிடத் தடிப்பு, அடியில் சிவப்பும் மேலே பச்சையுமாய். வெட்டலாம். தாராளமாக வெட்டலாம். நேபாளக்காரி ஒவ்வொரு நாளும் உப்பும் தூளும் எப்போது கொண்டுவரட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அக்காவும் கேட்டார்.

"இன்னும் வரேல்லை அக்கா," என்றேன்.

இவர் பக்கத்தில் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்குத்தான் கோபம் வந்தது; மூக்கு நுனியில் அல்லவா வைத்திருக்கிறேன். என்ன பாக்கிறியள், வெங்காயத்தைப் பாருங்கோ என்று விழுந்தேன்.

அந்த மாதம் திங்கட்கிழமையும் சேர்ந்து வந்த லீவுக்கு அக்கா சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். அண்ணையின் வானைத் தானே ஓட்டிக்கொண்டு, ஒற்றை ஆளாய். வானின் பின்கதவைத் திறந்தால், மடித்துக் கட்டிய அட்டைப்பெட்டிகள். கட்டத் தொடங்குவம், தண்டு வரேக்க வரட்டும் என்றார். கத்தரிக்காய்க் குழம்பு வைத்துக் கொடுத்து, கட்டிலை அவருக்கு விட்டு, நாங்கள் ஹோலில் படுத்தோம்.

விடிய எனக்கு மூக்குத்தான் முதலில் எழும்பியது. தேங்காய்ப்பூ, வெங்காயம், செத்தல் மிளகாய், கடுகு போட்டு வறுத்த கீரை. வறை. என்ன அருமையான வாசம் என்று கண்ணை மூடிக்கொண்டே கிடந்தேன். வீட்டில் கீரை இல்லையே என்ற நினைப்பு மெல்ல, மிக மெல்ல, தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல வந்தது.

எழும்பி ஓடினேன். குசினி மேசையில் புட்டு. மகள் தட்டோடு இருக்கிறாள். அடுப்பில் தாச்சி, அதற்குள் கரும்பச்சையாய், தேங்காய்ப்பூத் தூவி, பக்குவமாக இறக்கிய வறை. பின்கதவால் பார்த்தால் என் செடி இருந்த இடத்தில் வெறும் குற்றிகள்.

எங்கள் ஆட்களைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இது விளங்காது. முருங்கை இலை, முசுட்டை இலை, பூசணிக் கொழுந்து, கோவா, லீக்ஸ். இலை என்று ஒன்று கண்ணில் பட்டால் யாழ்ப்பாணத்துக் கைக்கு அதைக் குறுணியாக அரிந்து வறை வறுக்காமல் இருக்க முடியாது. தண்டு நார், அதை எறிய வேண்டும், இலைதான் சாப்பாடு. அக்கா பின்வளவில் அவ்வளவு பெரிய இலைகளைக் கண்டார். நான் சொன்ன செடி இன்னும் தண்டு விடவில்லை. ஆகவே இது வேறு ஏதோ கீரை. தங்கச்சி வேலைக்குப் போகிறவள், அவளுக்கு வெட்ட நேரமில்லை, முற்றிப் போகுது என்று பாவம் பார்த்துக் கத்தியை எடுத்திருக்கிறார். இலைகளை அரிந்து சட்டிக்குள். தண்டுகளைக் குப்பைப் பைக்குள்.

மகள் வாயில் வைக்கவில்லை. கீரை என்றால் அவளுக்குப் பகை. அதற்காக நான் எத்தனையோ நாள் கத்தியிருக்கிறேன், அன்று அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினேன். அக்கா உப்புப் பார்த்திருக்கிறார், உள்ளங்கையில் ஒரு சொட்டு. நாக்கு கொஞ்சம் கூசுது என்றார். நேபாளக்காரிக்குத் தொலைபேசி எடுத்தேன். உப்புப் பார்த்த அளவுக்கு ஒன்றும் செய்யாது, வாயைக் கொப்பளித்துப் பால் குடிக்கச் சொல்லு என்றாள். பிறகு, மலையில் ஆடு தின்னாத இலையை வறுத்த பெண்ணைத் தான் ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. வறையைத் தாச்சியோடு வெளியில் கொண்டுபோய்க் கொட்டினேன். குப்பைப் பையைத் தரையில் கவிழ்த்தேன். தேங்காய்ச் சிரட்டைக்கும் வெங்காயத் தோலுக்கும் நடுவில் தண்டுகள் முழுசாய்க் கிடந்தன. ஒன்றொன்றாகப் பொறுக்கிக் கழுவினேன். மூன்று வருசம் நான் பொத்திப் பொத்தி வைத்தது குப்பையில் கிடக்கிறதே என்று கண்ணீர் ஒரு பக்கம். கோபம் ஒரு பக்கம். அக்கா கையில் பால் கோப்பையோடு நின்று தண்டுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுதானோ அந்தச் செடி?"

"ஓம்."

"வரேல்லை எண்டல்லோ சொன்னனி."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குழாயைப் பூட்டினேன்.

"அக்கா, நான் ரொறன்ரோவுக்கு வரேல்லை. இந்த வருசமும் இல்லை, வாற வருசமும் இல்லை. எனக்கு இங்க பிடிச்சுப்போச்சு. உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டுதான் தெரியேல்லை."

ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் தாச்சியை எடுத்து ஒரு பொட்டுக் கறை இல்லாமல் தேய்த்துக் கழுவினார். இவர் மகளைக் கூட்டிக்கொண்டு, பால் வாங்கிவருகிறேன் என்று மூலையில் இருந்த தெப்பனர் கடைக்குப் போனார். வீட்டில் பால் இருந்தது. நான் ஒரு கிண்ணத்தில் உப்பும் தூளும் குழைத்து, தண்டுகளை எடுத்துக்கொண்டு பின்படியில் போய் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அக்காவும் வந்து பக்கத்தில் இருந்தார்.

தோலை நுனியில் பிடித்து இழுத்தால் நீளமாக உரிந்து வந்தது. முதல் கடியில் என் இரண்டு கண்ணும் தானாக மூடிக்கொண்டன. புளி என்றால் அப்படி ஒரு புளி. பின்னால் லேசாக ஒரு பச்சை வாசம், மழை பெய்து விட்ட பிறகு வருகிற மாதிரி. காதுக்குப் பின்னால் கூசியது. கண்ணைத் திறந்தபோது வளவும் வேலியும் சூரியனும் ஏதோ இப்போதுதான் கொண்டுவந்து வைத்தது போல இருந்தன. அக்கா ஒரு தண்டு தின்றார். இன்னொன்றை உரித்தார். அதையும் தின்றார். நாங்கள் அப்படி எவ்வளவு நேரம் இருந்தோமோ தெரியாது, நிழல் படியில் இருந்து புல்லுக்குப் போயிருந்தது.

"நான் உனக்காக எண்டுதான் எல்லாருக்கும் சொன்னனான்," என்றார் அக்கா, தண்டைப் பார்த்துக்கொண்டு. "தங்கச்சி அங்க தனிச்சுப் போனாள், கூட்டிக்கொண்டு வரவேணும் எண்டு. அது பொய். அங்க மேல எல்லாரும் இருக்கினம். கீழ பேஸ்மென்றில, நிலத்துக்கடியில நான் இருக்கிறன். வேலைக்குப் போகேக்க ரேடியோவைப் போட்டுவிட்டிட்டுப் போறனான். திரும்பி வந்து கதவைத் திறக்கேக்க, உள்ளுக்கு ஆரோ கதைச்சுக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும்."

ஒவ்வொரு பின்னேரமும் வந்த அந்தத் தொலைபேசியை, ஐயோ வந்திட்டுது என்று எத்தனை நாள் அடிக்க விட்டிருப்பேன். அந்த வீட்டில் கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று கிழமை தவறாமல் சனம். படங்கள் அனுப்புவார், எல்லாப் படத்திலும் அக்கா கரையில் நின்று சிரிப்பார். கலகலப்பான இடத்தில் அக்கா இருக்கிறார், நான்தான் அந்தரத்தில் கிடக்கிறேன் என்று நினைத்தேன்.

"அப்ப நீங்கள் இங்க வாங்கோவன்," என்றேன்.

அப்படி ஒரு சொல்லை மொன்றியல்காரர் யாரும் ரொறன்ரோக்காரரைப் பார்த்துச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. அக்கா சிரித்தார். ரொறன்ரோவில் இருந்து மொன்றியலுக்கு யாராவது வருவார்களா, சனம் கைகொட்டிச் சிரிக்காதா, இந்த வயதில் இனிப் பிரெஞ்சும் படிக்கவா என்று சொல்லிக்கொண்டே போனார். சிரிப்பு நடுவில் எங்கேயோ மாறிவிட்டது. சேலைத் தலைப்பில்லாத உடுப்பு. கையால்தான் முகத்தைத் துடைத்தார். மிளகாய்த்தூள் பட்ட கை. கண் எரிந்து அழுகிறார் என்றே நாங்கள் இருவரும் வைத்துக்கொண்டோம்.

திங்கட்கிழமை காலையில் வெளிக்கிட்டார். வெறும் பெட்டிகளை அப்படியே திரும்ப ஏற்றினார். மிஞ்சிய தண்டுகளை ஊறுகாய் போட்டுப் போத்தலில் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். மகளைக் கொஞ்சினார். என்னிடம் போயிட்டு வாறன் என்று மட்டும் சொன்னார். வான் தெருமுனையில் திரும்பிய பிறகும் நான் வாசலில் நின்றேன். பிறகு உள்ளே போய், சொல்லியிருக்கக் கூடாதோ, போயிருக்கலாமோ என்று இவரைப் போட்டு அரித்தேன். இவர் வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். அதற்கும் அவரோடு சண்டை பிடித்தேன்.

மத்தியானம் படுத்தேன். லீவு நாள் என்றாலும் உடம்புக்கு அந்த நேரம் தெரியும். எழும்பின மாதிரியும் எழும்பாத மாதிரியும் கிடக்க, தொலைபேசி அடித்தது. அக்கா வழக்கமாக எடுக்கிற நேரம் அது அல்ல. எடுத்தேன். லொறிகளின் இரைச்சல். பாதி வழியில், கிங்ஸ்டன் பக்கம் பெற்றோல் அடிக்க நிறுத்தியிருக்கிறாராம். சாப்பிட்டியளோ என்று கேட்டேன். ஓம் என்றார். ஊறுகாயைத் திறந்துவிட்டாராம், பாதி முடிந்ததாம்.

"இஞ்சை பார்," என்றார். "எனக்கு வீடு பாக்கிறதெண்டால், நிலத்துக்கு மேல பார்."